வெவரம் டிரைவர் எழுதிய கம்ப்ளைண்ட் நோட்டு

தப்பைத் தப்பு என்று சொல்ல உலகத்தில் கோடிப் பேர் இருக்கிறார்கள். எங்கே தப்பு, எதனால் தப்பு, என்ன செய்தால் சரியாகும் என்று சொல்லத் தெரிந்தவர் இதுவரை ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் திண்டிவனம் - விழுப்புரம் தடத்தில் பஸ் ஓட்டினார். எதற்கெடுத்தாலும் "வெவரமா சொல்றேன் கேளு" என்று ஆரம்பிப்பதால் அவருக்கு வெவரம் என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு மணி நேரம் ஆகும் என்ற பயம்தான்.

போன வாரம் என் பேத்தியால் அவர் நினைப்பு வந்தது. அவளுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அவள் எழுதுவதைப் படித்துப் பார்த்து, தப்பிருந்தால் திருப்பியடிக்கும் கம்பைலர் என்று ஒன்று இருக்கிறதாம். சி, சி பிளஸ் பிளஸ், ரஸ்ட் என்று கம்ப்யூட்டருக்குப் பல மொழிகளாம், மொழிக்கு ஒரு குணமாம் அதற்கு.

"தாத்தா, சி-ல ஒரு எடத்துல தப்பு பண்ணா வேற வரியக் காட்டும். சி பிளஸ் பிளஸ் ஒரே தப்புக்கு மூணு பக்கம் கத்தும், ஒண்ணும் புரியாது. ரஸ்ட்டுதான் நல்ல புள்ளை. இங்க தப்பு, இதனால தப்பு, இப்படி மாத்திப் பாருன்னு சொல்லிடும்."

"போம்மா, அந்த நல்ல புள்ளை எங்க ஷெட்டுல அறுபதுலயே பஸ் ஓட்டிக்கினு இருந்துச்சு" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அப்போது நான் விழுப்புரத்தில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் ஃபிட்டர். டிரைவர்கள் சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டு, என்ன கோளாறு என்று கம்ப்ளைண்ட் நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். நான் விடியற்காலையில் வந்து, நோட்டைப் பார்த்து ரிப்பேர் செய்ய வேண்டும். முகம் பார்த்துப் பேச வழியில்லை. வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போனால் பாதி வரும், அதிலும் பாதி வேறு வண்டியுடையதாக இருக்கும்.

ஊமையன் என்று ஒரு டிரைவர். "வண்டி சரியில்லை" என்று எழுதுவார். அவ்வளவுதான். புலம்பல் என்று இன்னொருவர். ஹாரன் அடிக்கவில்லை என்பதற்கு, கண்டக்டர் மதிக்காதது முதல் கூட்டேரிப்பட்டில் மாடு குறுக்கே வந்தது வரை மூன்று பக்கம் எழுதுவார். ஹாரன் எங்கேயும் வராது.

வெவரம் எழுதினால் இப்படி இருக்கும்: "மயிலம் கூட்ரோடு தாண்டி, மூன்றாவது கியரில், பின்பக்கம் இடது புறம் கிணிங் என்று சத்தம். மேலே மல்லாட்டை மூட்டை ஏற்றினால் சத்தம் இல்லை. ஏணியின் கீழ் போல்ட்டாக இருக்கலாம். இல்லையென்றால் அதற்கு அடுத்தது." ஸ்பேனரோடு நேராகப் போவேன். கீழ் போல்ட்டு கையோடு வரும்.

நோட்டோடு விட்டாரா? லீவு நாளில் நாங்கள் சேர்ந்து சாப்பிடும் ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் ஒரு நாள், சமைக்கிற சரக்கு மாஸ்டரையே வெளியே கூப்பிட்டுவிட்டார்.

"சாம்பாரு நல்லால்லன்னா ஒனக்கு இன்னா தெரியும்? வெவரமா சொல்றேன் கேளு. பருப்பு பதமா வெந்துகீது. புளியத்தான் முன்னாடியே ஊத்திட்ட. அதனால முள்ளங்கி வேகல. நாளைக்கு முள்ளங்கிய மொதல்ல போடு."

மாஸ்டர் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தார். மறுநாள் முள்ளங்கியை முதலில் போட்டார். அதற்கப்புறம் எங்கள் மேஜைக்கு மட்டும் சாம்பார் கேட்காமலே வந்தது.

வயிற்று வலி என்று டாக்டரிடம் போய், காலையில் கண் விழித்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். டாக்டர் பொறுமையாகக் கேட்டு, மருந்தெழுதி, சீட்டையும் நீட்டிவிட்டார். வெவரம் வாங்கவில்லை. "இன்னும் வலி ஆரம்பிக்கவே இல்லீங்களே டாக்டரு. நான் இப்பதான் பல்லு வெளக்கிக்கினு இருக்கேன்."

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்ததில் முதலாளி மண்ணைப் போட்டார். அந்த மாதம் இரண்டு வண்டிகள் வழியில் நின்றுவிட்டன. இரண்டும் ஊமையன் வண்டி, இரண்டுக்கும் நோட்டில் "வண்டி சரியில்லை". முதலாளி நோட்டைப் புரட்டினார். அவர் கண்ணில் பட்டது வெவரத்தின் எழுத்து.

"கதை எழுதுறான், நீ கதை படிச்சிக்கினு ஒக்காந்துகீறே! வண்டி எப்படிடா ஓடும்? இனிமே ஒரு பக்கத்துக்கு ஒரு வரி. மேல எழுதுனா டிரைவரு வேலை காலி. இன்னொரு வண்டி வழியில நின்னா நீயும் வூட்டுக்குப் போய்க்கினே இரு."

எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். 'மாப்பிள்ளைக்குக் கம்பெனி உத்தியோகம்' என்று மாமனார் தன் ஊரான பிரம்மதேசம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். வேலை போய் மாமியார் வீட்டில் படுத்துக்கொண்டால் அந்த ஊரில் தலைகாட்ட முடியாது.

அடுத்த அமாவாசை வந்தது. மேல்மலையனூருக்கு ஸ்பெஷல் வண்டி, காலை எட்டு மணிக்கு. வெவரத்தின் வண்டிதான் போகிறது, ஆனால் ஓட்டப்போவது ஊமையன். அன்று விடியற்காலை வந்து நோட்டைத் திறந்தேன். ஒரே வரி: "பிரேக்கில் கோளாறு, பக்கத்தைத் திருப்பு."

திருப்பினேன். "பெடல் சாதாரணமாக நிற்கிறது." திருப்பினேன். "இடது பக்கம் முழுக்கத் திரும்பிய பிறகு மட்டும் ஒரு விரற்கடை இறங்குகிறது." அடுத்த பக்கம்: "வண்டியை நேராக நிறுத்திப் பார்த்தால் உனக்குத் தெரியாது." மனுஷன் உத்தரவை மீறவில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு வரி என்று, மிச்சமிருந்த முப்பத்திரண்டு பக்கத்தையும் தீர்த்திருந்தார்!

அவர் சொன்னபடி ஸ்டீயரிங்கை இடது பக்கம் கடைசிவரை ஒடித்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய் சேசிஸில் உரசி, நூல் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. செஞ்சி வளைவில் நாலு தடவை மிதித்திருந்தால் அறுந்திருக்கும். வண்டி நிறைய ஜனம். குழாயை மாற்றிவிட்டுத்தான் கடைசி இரண்டு பக்கங்களைப் படித்தேன்.

"இந்த வண்டி நின்றால் உன் வேலை போய்விடும், நீ புதுசாகக் கல்யாணம் ஆனவன்."

"எனக்கு எங்கேயாவது லாரி கிடைக்கும், அதைப் பற்றி நினைக்காமல் வேலையைப் பார்."

வண்டி எட்டு மணிக்குக் கிளம்பியது. பத்து மணிக்கு முதலாளி நோட்டைப் பார்த்தார். மத்தியானம் வேறு வண்டியில் டிரிப் முடித்து வந்த வெவரத்தைக் கூப்பிட்டு, நோட்டை அவர் காலடியில் எறிந்தார்.

"ஒரு பக்கத்துக்கு ஒரு வரிதானுங்களே எழுதிகீறேன்" என்றார் வெவரம்.

"நீ வக்கீலுக்குப் படிக்கப் போய்யா. இங்க வேணாம்."

நான் வாயைத் திறந்தேன். குழாயைப் பற்றித்தான் சொல்லப் போனேன். நீயும் மாட்டிக்கொள்ளாதே என்று வெவரம் என்னைக் கண்ணாலேயே தடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒன்றும் விளக்கவில்லை. காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்து, முதலாளி மேஜைமேல் வைத்துவிட்டு, பனியனோடு வாசலுக்கு வந்தார்.

அன்று நான் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தேன். சாயங்காலம் மேல்மலையனூர் வண்டி பத்திரமாகத் திரும்பியது. ஊமையன் இறங்கிவந்து, "பிரேக்கு நல்லாகீது" என்றார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

ஆனால் மத்தியானம் வாசலில் வெவரம் என் தோளைத் தட்டி, "வர்றேன்டா, சம்சாரத்த நல்லா பாத்துக்கோ" என்றபோது, நான் "சரிண்ணே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கூடப் பிறந்த அண்ணன்கூட எனக்கு அப்படிச் செய்ததில்லை என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.