சஹனில் ஆறாம் ஆள்

எங்கள் உப்புக் கம்பெனியின் சேர்மனைப் போல இத்தனை அரசாங்கங்களோடு சோறு தின்ற மனிதர் இலங்கையிலேயே வேறு எவரும் இல்லை. அவருடைய சொந்தப் பெயர் கம்பெனிக் கடிதத்தாளில் மட்டும் வாழ்ந்தது. புத்தளத்துக்கு அவர் ‘ஆறாம் ஆள்’.

எங்கள் கல்யாண வீடுகளில் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் பாயில் அமர்ந்து கைபோட்டுச் சாப்பிடுவோம். ஆறு சேராமல் யாரும் கை வைப்பதில்லை. பெரிய மனிதர்கள் ஐந்து பேராக உட்கார்ந்து வாசலைப் பார்ப்பார்களே, அந்த ஒரு நொடிக்காகவே நம்மவர் பிறந்திருந்தார். கழுவிய கையில் நீர் சொட்டச் சொட்டக் கதவோரம் நிற்பார். “அஞ்சு பேருதானே ஈக்கிறீங்க?” என்பார். மறுகணம் அமைச்சரின் முழங்காலோடு அவர் முழங்கால் உரசிக்கொண்டிருக்கும். கோழியின் நல்ல துண்டை இரண்டு விரலால் அமைச்சர் பக்கம் மெல்லத் தள்ளுவார். அவருடைய அரசியல் முழுவதும் அந்தத் தள்ளல்தான். சேர்மன் பதவியும் அதில் கிடைத்ததுதான். ஆட்சிகள் மாறின; மற்ற அரசாங்கக் கம்பெனிச் சேர்மன்மார் சோளகக் காற்றில் கடதாசியாகப் பறந்தார்கள். இவர் மட்டும் அடுத்த கல்யாணத்தில், அடுத்த அமைச்சர் பக்கத்தில், அதே இரண்டு விரலோடு.

நான் அவருடைய கந்தோரில் கிளாக்கர்.

அத்தனை செல்வாக்கும் உப்பளத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கொண்டுவரவில்லை. வெயிலும் உப்பும் ஒன்றையொன்று வெறித்துப் பார்க்கும் அந்த வெள்ளை வெளியில், வேலையாட்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த போத்தல்கள் பத்து மணிக்கே காலியாகிவிடும். பெருந்தெருவில் ஓடும் குழாயை உப்பளம்வரை நீட்ட அமைச்சரின் ஒரு கையெழுத்துப் போதும்.

“சாப்பிடக்குள்ள கேளுங்களேன், சேர்மன்.”

“சோத்துல கை வெச்சுக்கிட்டா? மரியாதக்கேடு, மவன்.”

ஒரு நாள் உப்பு வாரும் பெண்களில் மூத்தவரான ரஹ்மத் ராத்தா மயங்கி விழுந்தார். ஓடிவந்த சேர்மனைக் கண்டதும் கோபமே அவரை எழுப்பி உட்கார்த்தியது.

“எல்லா அரசாங்கத்தோடயும் தின்டீங்க. எங்களுக்கு ஒரு மொடக்குத் தண்ணி கேக்க வாய் வரல்லயா? வாய் நிறையக் கோழியா?”

அன்று சேர்மன் பகல் சாப்பாடு சாப்பிடவில்லை. கம்பெனி வரலாற்றில் முதல் தடவை.

அடுத்த கிழமை தில்லையடியில் கல்யாணம். வந்தவர் புதிய அமைச்சர். சேர்மனை மாற்றத்தான் போகிறார் என்று ஊரெல்லாம் கதை. சேர்மன் ஆறாமவராக உட்கார்ந்தார். பின்னாலிருந்த சஹனில் நான். இம்முறை கோழித் துண்டு நகரவில்லை.

“சேர், உப்பளத்துக்குத் தண்ணிக் குழாய் வேணும். கடிதம் பொக்கட்டுல ஈக்கி. ஒரு கையெழுத்து.”

அமைச்சர் நெய்ச்சோறு ஒட்டிய கையைக் காட்டினார். “இந்தக் கையோடயா? பிறகு பாப்பம்.”

முன்பு நான் அடித்தனுப்பிய கடிதங்கள் அத்தனையும் மூழ்கிப்போனது அந்தப் ‘பிறகு’வில்தான். ஆனால் இவரோ சஹனுக்குள் கைகளைப் பார்த்தே பழுத்தவர்.

“சேர் வந்ததுல இருந்து சோத்தச் சிந்துறீங்க. உங்களுக்கு எழுத்து இடது கையிலதானே?”

மடியில் துப்புரவாக, வேலையின்றிக் கிடந்த தன் இடக்கையை அமைச்சர் அன்றுதான் சந்தித்தவர்போலப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“மவன், குனி!” என்றார் சேர்மன்.

வாயில் சோற்றோடு குனிந்தேன். உப்பளத்தின் தாகத்துக்கு என் முதுகில் வைத்துக் கையெழுத்தானது.

அந்த மாதமே இரண்டு கடிதங்கள் சேர்ந்து வந்தன. ஒன்று குழாய்க்கு அனுமதி. மற்றது புதிய சேர்மனின் நியமனம். இரண்டின் கையெழுத்துகளையும் எங்கள் சேர்மன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ரெண்டும் ஒரே இடக்கைதானே?”

“ஓம், சேர்மன்.”

“அப்ப குழாய்க் கடிதம் செல்லும்.”

கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டுச் சிரித்தபடி போனார்.

குழாய் திறந்த நாளில், யாரும் அழைக்காமலே நம்மவர் பஸ்ஸில் வந்து கூட்டத்தின் பின்னால் நின்றார். புதிய சேர்மன் திருகினார். ரஹ்மத் ராத்தா முதல் கோப்பையைக் குடித்தார்.

“எப்பிடி ஈக்கி?” என்று பின்னாலிருந்து குரல்.

“தேன் மாதிரி, சேர்மன்.”

புதியவர் பெருமையோடு தலையாட்டினார். அவரை யாரும் பார்க்கவில்லை. நானும் ஒரு வாய் குடித்தேன். இலேசாக உவர்த்தது.

“ஓம், சேர்மன்,” என்றேன், பின்னால் திரும்பி. “நல்ல இனிப்பு.”