அதிர்வின்மைச் சான்றிதழ்

ஒரு காட்டில், இருட்டிய பிறகு, ஒரு சத்தம் கேட்டது. டொப், டொப், டொப். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கர்ர் என்று ஒரு சுரண்டல்.

கேட்டது ஜெசிந்தா என்ற முயல். அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுடைய இருபது நாள் குட்டி வாசலறையில் தூங்கிக்கொண்டிருந்தது. குட்டியின் பக்கத்தில், தரையில், ஒரு சின்னப் பெட்டி இருந்தது. வாசலறையில் எழும் ஒலியைப் பிடித்து அடுக்களையில் இருக்கும் இன்னொரு பெட்டிக்கு அனுப்புவது அதன் வேலை. அக்கரைக் காட்டில் வேலை பார்க்கும் கணவன் ஒரு நாரையிடம் கொடுத்தனுப்பியது. நாரை கால் கிலோவுக்கு மேல் தூக்காது என்பதால், கடையில் இருந்ததிலேயே இலேசானதாகப் பார்த்து வாங்கியிருந்தான்.

ஜெசிந்தா ஓடிப்போய்ப் பார்த்தாள். குட்டி இருந்தது. கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் போன மழையில் துருப்பிடித்து இறுகிவிட்டதால் கதவுக்கு முட்டாக ஓர் அம்மிக்கல்லை வைத்திருந்தாள். அதுவும் இருந்தது. மறுநாளும் அதே சத்தம் கேட்டது.

மூன்றாம் நாள் காலை, குட்டியைப் பக்கத்து வளையில் விட்டுவிட்டு, காட்டு ஒலி அலுவலகத்துக்குப் போனாள். அவள் வாத்து சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் படித்தவள். வரிசையில் நிற்க வேண்டும், குறுக்கே பேசக் கூடாது, எதையும் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று அங்கே பழக்கியிருந்தார்கள்.

முள்ளம்பன்றி குமாஸ்தா நிமிராமல் கேட்டார்.

"சத்தம் எதுல கேக்குது?"

"பெட்டியில கேக்குது, சார். ஆனா வாசல்ல யாரோ..."

"பெட்டியா, வாசலா? ஒண்ணு சொல்லும்மா. வாசல்னா ஒண்ணாம் கவுண்டர். பெட்டின்னா ரெண்டு."

ஒன்றாம் கவுண்டர் வரிசை ஆற்றங்கரை வரை நின்றது. முன்னால் நின்ற ஆமை கல்யாணத்துக்கு முன்பு வந்து சேர்ந்ததாம். இப்போது அதற்குப் பேரப்பிள்ளைகள். அங்கே கொடுக்கும் மனுவில் சத்தம் போடுகிறவரின் கையெழுத்தும் வேண்டும். இரண்டாம் கவுண்டரில் ஆளே இல்லை. குட்டிக்குப் பால் கொடுக்கும் நேரம் நெருங்கிவிட்டது.

ஜெசிந்தா பெட்டி என்று எழுதினாள்.

மத்தியானமே மரங்கொத்தி வந்துவிட்டார். அலுவலகத்தின் அதிர்வு நிபுணர். பெட்டியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது பெட்டியா, சருகா? இவ்வளவு இலேசா இருந்தா, ரெண்டு தெரு தள்ளி எறும்பு தும்மினாலும் ஆடும், மேடம். தரை ஆடுது, பெட்டி ஆடுது, உங்களுக்குச் சத்தமாக் கேக்குது."

"அந்தத் தரை ஏன் சார் ஆடுது?"

"அது ஒண்ணாம் கவுண்டர்."

பெட்டிக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சை வைத்தார். தரையைக் கொத்திப் பார்த்தார். சத்தம் அப்படியே கேட்டது.

"பாருங்க, ஸ்பாஞ்சு அமுங்கவே இல்ல. அமுங்கினாத்தான் அது அதிர்வை வாங்கிக்கும். இந்தப் பொருளுக்கு அமுக்குற அளவுக்கு வெயிட் இல்ல. கீழ ஸ்பாஞ்சு, அதுக்கு மேல கனமா ஒரு கல்லு, கல்லு மேல பெட்டியை வச்சு இறுக்கிக் கட்டணும். தட்டையா ஏதாவது கல்லு இருக்கா?"

அவரே சுற்றிப் பார்த்தார். வீட்டில் ஒரே ஒரு கல்தான் இருந்தது.

"சார், அது கதவுக்கு முட்டு."

"உங்க மனுவுல கதவைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே, மேடம்."

நிபுணர்கள் பாரம் தூக்கக் கூடாது என்பது விதி. ஜெசிந்தாவே அம்மிக்கல்லைக் குட்டியின் பக்கம் இழுத்து வந்து ஸ்பாஞ்சின் மேல் ஏற்றினாள். மரங்கொத்தி பெட்டியை அதோடு நாரால் கட்டினார். தரையைக் கொத்தினார். அடுக்களையில் ஒன்றும் கேட்கவில்லை. குட்டியின் மூச்சு மட்டும் சுத்தமாகக் கேட்டது. பெட்டி ஆடாததால் வாசலில் ஆளும் இல்லை என்று மரங்கொத்தி ஒரு சான்றிதழ் எழுதி, முத்திரைக்குப் பதில் அலகால் நாலு ஓட்டை போட்டுக் கொடுத்தார்.

அன்று இரவு பெட்டி சாதுவாக இருந்தது. ஜெசிந்தா நிம்மதியாகக் கீரை ஆய்ந்தாள். குட்டிக்குத் துணி மாற்ற வாசலறைக்குப் போனபோதுதான் கதவு ஒரு விரல் அளவு திறந்திருப்பதைப் பார்த்தாள். இடுக்கில் ஒரு மூக்கு தெரிந்தது.

பாய்ந்துபோய் முதுகைக் கொடுத்துக் கதவைச் சாத்தினாள். கதவு அவளையும் சேர்த்து உள்ளே தள்ளிப் பார்த்தது. ஜெசிந்தாவும் எடை குறைவுதான்.

"யாரு?"

"நரி அண்ணன்தான், தங்கச்சி. மூணு நாளா வர்றேன். கல்லு இருந்துச்சு. இன்னிக்கு இல்ல போல."

அம்மிக்கல் மூன்று எட்டு தள்ளி, பெட்டியைச் சுமந்துகொண்டு, துளியும் அதிராமல் உட்கார்ந்திருந்தது. அதை எடுக்கப் போனால் கதவை விட வேண்டும்.

"நீங்க வரலையே, அண்ணே."

"வரலையா?"

"ஆபீஸ்லயே எழுதிக் குடுத்திருக்காங்க." மடியில் இருந்த சான்றிதழைக் கதவுக்கு அடியில் தள்ளினாள்.

கதவின் மேல் இருந்த அழுத்தம் குறைந்தது. நரிக்குப் படிக்கத் தெரியும் என்பதில் நரிக்குப் பெருமை உண்டு. நிலா வெளிச்சத்தில் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் படித்தது.

"இவ்... வீட்டு... வாசலில்..."

ஜெசிந்தா பின்னங்காலை நீட்டினாள். முயல்களுக்கு அது நீளம். குட்டியின் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்ப் புட்டி கால் விரலில் தட்டியது. இழுத்து எடுத்து, தாழ்ப்பாளில் மொத்தத்தையும் ஊற்றி, ஆட்டத் தொடங்கினாள்.

"நட... மாட்டம்... ஏதுமில்லை. நாலு முத்திரை வேற." நரி யோசித்தது. "அப்ப நான் யாரு?"

"அதை நான் எப்படிண்ணே சொல்றது? ஒண்ணாம் கவுண்டர்ல மனு குடுங்க. சத்தம் போடுறவங்க கையெழுத்து கேப்பாங்க. உங்களுக்கு அது சுலபம்."

"வரிசை நீளமா?"

"ஆத்தங்கரை வரைக்கும்."

தாழ்ப்பாள் அரை விரல் நகர்ந்தது.

"எனக்கு முன்னாடி யாரு நிக்குறா?"

"ஆமை."

நரி பெருமூச்சு விட்டது. காகிதத்தை நான்காக மடித்துக் காதில் செருகிக்கொண்டது.

"சரி தங்கச்சி, நாளைக்குப் போய்த் திருத்தி வாங்கிக்கிறேன். இப்பப் பசிக்குது."

பின்னால் நகர்ந்து, ஓடிவந்து, தோளால் கதவில் மோதியது. அதற்கு ஒரு நொடி முன்னால் தாழ்ப்பாள் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போய், நிலைத் துளைக்குள் முழுதாக விழுந்தது. கதவு அசையவில்லை.

நீதி: ஆபத்து இல்லை என்று அலுவலகத்தில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து அதை வாசித்து முடிப்பதற்குள் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டுவிடலாம்.