சிவப்புப் பூட்டு போட்ட சித்தப்பாவுக்கு

படப்பை,
வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு.

‘மரியாதைக்குரிய’ என்று தொடங்கப் பார்த்து, கை வராமல் வெறும் சித்தப்பா ஆகிவிட்ட ரகு சித்தப்பாவுக்கு, அண்ணன் மகன் இனியவன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுவது.

உற்றார் உறவினர் அனைவருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுத் தேங்காய்ச் சட்னி கடந்த ஞாயிறு பகல் பன்னிரண்டே கால் மணிக்குக் காலமானது. இன்று ஆறாம் நாள். நீங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. கேட்க மாட்டேன். உங்கள் கம்பெனி கேன்டீனில் தினமும் இரண்டு வகைச் சட்னி என்று, அங்கேயே வேலை பார்க்கும், இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் எதிர்வீட்டு சந்திரலேகா அக்காவே சொல்லிவிட்டார். போனில் திட்டியிருப்பேன். ஆனால் போன மாதம் எச்.ஆர். குரலில் பேசி, லீவு நாளில் உங்களை டை கட்டிக்கொண்டு கம்பெனி கேட்டில் நிற்கவைத்ததிலிருந்து என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டீர்கள். ஒரு டைக்கு இத்தனை கோபம் ஆகாது சித்தப்பா.

படப்பைக்கு ரயில் கிடையாது. ஹாலில் ஒரு பிளைவுட் பலகை போட்டு முதன்முதலில் ரயில் விட்டவன் நான். படப்பையில் புறப்பட்டு, சோப்பு டப்பா தொழிற்சாலைகளைத் தாண்டி ஒரகடம் வரை நிமிர்ந்து போகும் என் இன்ஜின், திரும்பி வரும்போது மட்டும் ஹெட்மாஸ்டரைப் பார்த்த பையன் மாதிரி பின்பக்கமாகவே நழுவி வந்தது. அந்த அவமானத்தைத் துடைக்கத்தான், இன்ஜினை ஏற்றி அப்படியே திருப்பிவிடுகிற டர்ன்டேபிள் செய்தேன். அம்மா கேக் செய்யப் பழக வாங்கி, ஒரே கேக்கோடு ரிட்டயர் ஆகிவிட்ட சுழல் தட்டுதான் அடித்தளம். பலகையில் வட்டமாக ஓட்டை போட்டு அதை இறக்கி, மேலே ஒரு சாண் தண்டவாளம் ஒட்டி, அடியில் மோட்டார் வைத்தேன். பதினொரு நொடியில் அரைச் சுற்று. எந்த இன்ஜினியரிங் காலேஜிலும் இப்படி ஒன்றைப் பார்க்க முடியாது. ஞாயிறு திறப்பு விழாவுக்குப் பெரிய மனது பண்ணி உங்களையும் கூப்பிட்டேன். இன்ஜின் ஏறியது, தட்டு சுற்றியது, அம்மா கை தட்டினாள், இன்ஜின் இறங்கப் போனது, ‘டப்’பென்று ஒரு சத்தம், அடாப்டரிலிருந்து கொஞ்சமே கொஞ்சம் புகை. அதற்குப் போய், “ஏய், கைய எட்றா!” என்று ஊரே கேட்கக் கத்திக்கொண்டு ஓடி, மீட்டர் பெட்டியில் எம்.சி.பி. சுவிட்சை இறக்கி, பழுதான மெஷினை யாரும் போடாமலிருக்கக் கம்பெனியில் மாட்டுகிற சிவப்புப் பூட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்டினீர்களே! மற்றவர்கள் பையில் குடை வைத்திருப்பார்கள். நீங்கள் பூட்டு வைத்திருக்கிறீர்கள். பழுது என் டர்ன்டேபிளில் இல்லை, நீங்கள் வாங்கித் தந்த டூப்ளிகேட் அடாப்டரில். உங்களுக்கு வந்தது பாதுகாப்பு உணர்வு இல்லை, பொறாமை.

அந்த ஒரு சுவிட்சில்தான் மிக்சி, டிவி, வைஃபை எல்லாம் இருக்கின்றன. ஃபேனும் ஃபிரிட்ஜும் மட்டும் வேறு லைன், பிழைத்தன. பூட்டோடு ஓர் அட்டை வேறு தொங்குகிறது: ‘ஆபத்து, இயக்காதே’, பக்கத்தில் பல் தெரியச் சிரிக்கும் உங்கள் போட்டோ. தினமும் கடை மாவு இட்லியைப் பொடி தொட்டு விழுங்கும் அம்மா அந்தச் சிரிப்பைப் பார்க்கிற பார்வையை நீங்கள் பார்க்க வேண்டும். பொடியும் டப்பாவின் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. புதன்கிழமை ஃபிரிட்ஜ் பிளக்கில் மிக்சியைச் செருகப் போனாள். அப்பாவும் கம்பெனிக்காரர் ஆயிற்றே, பாய்ந்து தடுத்தார்.

“லாக் போட்ட லைனுக்கு பைபாஸ் எடுக்கக் கூடாது செந்தாமரை. எங்க பிளான்ட்டா இருந்தா டிஸ்மிஸ்!”

“யாரை டிஸ்மிஸ் பண்ணுவீங்க, என்னையா? பண்ணுங்க. செட்டில்மென்ட்ட வாங்கினு எங்கம்மா வூட்டுக்குப் போறேன்.”

“பூட்டு போட்டவன்தான் தொறக்கணும். அதான் ரூலு.”

“அப்போ போட்டவரை வரச் சொல்லுங்க. இன்னா, ஒரகடம் துபாய்லயா கீது?”

அப்பா உங்களுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். “சாவி எங்கிட்ட பத்திரமா கீதுண்ணே, பிளான்ட்ட நிறுத்தி ஷட்டவுன் வேலை நடக்குது, முடிஞ்சதும் வரேன்” என்றீர்கள். ஷேர் ஆட்டோவில் அரை மணி நேரம்! அதற்கு ஆறு நாளா? நேற்று அம்மா கடைசி எச்சரிக்கை விட்டுவிட்டாள். “ஞாயித்துக்கெழமைக்குள்ள மிக்சி ஓடலைனா, பலகை, ரயிலு, ரவுண்டு தட்டு எல்லாத்தயும் பழைய பேப்பர்காருக்குப் போட்டுடுவேன்.” அம்மா சும்மா சொல்கிறவள் இல்லை. அப்பாவின் வயலின் எங்கே போனது என்று அவரையே கேளுங்கள். என் எட்டு மாச உழைப்பு சித்தப்பா, உங்களாலதான் பழைய இரும்பாப் போவப் போவுது. உங்க மனசுல ஈரமே இல்லியா?

ஷட்டவுன் சீக்கிரம் முடியவும், உங்கள் கேன்டீன் சட்னி புளித்துப்போகவும் வேண்டிக்கொள்கிறேன். அப்பா நலம். அம்மா நலமாக இல்லை. டர்ன்டேபிள் அசையாமல் இருக்கிறது.

கோபம் தணியாத,
இனியவன்

பி.கு.: அடாப்டர் டூப்ளிகேட் இல்லை. தட்டு அரைச் சுற்று சுற்றினால் இடது தண்டவாளம் வலது ஆகிவிடும், பிளஸ் போய் மைனஸில் முட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்ஜின் திரும்புவதை மட்டுமே யோசித்தேன், வயரும் கூடத் திரும்பும் என்பதை யோசிக்கவில்லை. இப்போது வயரிங்கை மாற்றிவிட்டேன்.

இன்னொன்று. ஞாயிறு நீங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது டிவி மேல் இருந்த உங்கள் சாவிக்கொத்திலிருந்து சின்னச் சாவியைக் கழற்றியது நான்தான். நீங்கள் கிளம்பியதும் திறந்து, ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு, திரும்பப் பூட்டிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் சாவி எங்கே என்று அம்மா கேட்க, “சித்தப்பா எடுத்துனு போய்ட்டாரு” என்று சொல்லித் தொலைத்தேன். ஆறு நாள் பொடி தின்றவளிடம் இனி எந்த முகத்தோடு சாவியை நீட்டுவேன்? ஆனால் ‘எங்கிட்ட பத்திரமா கீது’ என்று நீங்கள் சொன்னபோது எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்து என் டிராயரைத் திறந்து பார்த்துக்கொண்டேன். சாவி அங்கேதான் இருந்தது. ஆறு நாளாக ஏன் வரவில்லை என்று புரிந்தது.

ஞாயிறு காலை வாருங்கள். உங்கள் பாக்கெட்டிலிருந்து எடுத்துத் திறங்கள். நீங்கள் தொலைத்தது எனக்குத் தெரியாது, நான் எடுத்தது உங்களுக்குத் தெரியாது. பொறாமை என்று எழுதிய இடத்தை அடித்துவிட்டுப் படிக்கவும். கவர் கொஞ்சம் கனமாக இருக்கிறதே என்று நினைத்திருப்பீர்கள். உள்பக்கம் டேப் ஒட்டிய மூலையை மெதுவாகப் பிரியுங்கள். கீழே விழுந்து தொலைந்தால், இந்த முறை தொலைத்தது நிஜமாகவே நீங்கள்தான் என்றாகிவிடும்.