செவ்வாய்க்கிழமை தண்ணீரில் இறங்காத நீச்சல் அணி

அன்பும் மரியாதையும் நிறைந்த செர்வா அக்காவுக்கு,

அக்ராவிலிருந்து தம்பி க்வாபெனா வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கே சுகம். மூக்குக்குள் மட்டும் இன்னும் கொஞ்சம் கடல் பாக்கி இருக்கிறது. அங்கே குமாசியில் உங்கள் சுகமும், அத்தானின் முழங்கால் சுகமும், கோழிகளின் சுகமும் குறைவில்லாமல் இருக்க வேண்டுகிறேன். விஷயம் என்னவென்றால், வருகிற சனிக்கிழமை பெட்டி படுக்கையோடு உங்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறேன். பின்னறையில் இருக்கும் வள்ளிக்கிழங்கு மூட்டைகளை நகர்த்தி ஒரு கட்டில் போட்டு வையுங்கள். ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கும் நீச்சல் அணிக்கும் என்ன உறவு என்று போன தடவை கேட்டிருந்தீர்கள். உறவு ஒரு விசில்தான். ஜேம்ஸ் டவுன் மீனவப் பிள்ளைகளுக்கு நீச்சல் பயிற்சி கொடுத்துவந்த இளைஞன் வேலை கிடைத்து டெமாவுக்குப் போய்விட்டான். சர்ச்சில் பாதிரியார், "யார்கிட்டயாவது விசில் இருக்கா?" என்று கேட்டார், நான் கையைத் தூக்கினேன். நீந்தத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. மறுநாள் காலையிலேயே எட்டுப் பிள்ளைகளுக்கு நான் மாஸ்டர்.

அக்கா, இந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. பிறந்ததிலிருந்து கடலில் கிடந்தவர்கள், ஆனால் நீச்சல் குளத்தில் போட்டிருக்கும் கோட்டைப் பார்த்து நேராக நீந்தச் சொன்னால் சிரிக்கிறார்கள். "கடல்ல யாரு மாஸ்டர் கோடு போட்டா?" என்று நோர்ட்டே என்பவன் கேட்கிறான். இந்த நோர்ட்டே பந்தயத்தின் நடுவில் நின்று, பின்னால் வருகிறவன் வந்து சேர்ந்த பிறகுதான் மறுபடி நீந்துவான். ஏனடா என்றால், தண்ணீரில் ஆளை விட்டுவிட்டுப் போகக்கூடாதாம். குதிப்பதற்கு முன் ஆளுக்கு ஒரு சோளமாவுக் கென்கே உருண்டையும் பொரித்த மீனும் தின்கிறார்கள், வேண்டாம் என்றால் எனக்கும் ஒன்று நீட்டுகிறார்கள். எந்தத் தண்ணீரானாலும் முதலில் ஒரு கை அள்ளி ருசி பார்க்கிறார்கள். ஒருநாள் நோர்ட்டே எதிரணிக்காரனின் பைக்குள் நண்டு விட்டான். அந்த நண்டு எப்படி அத்தனை நேரம் இவன் சட்டைப்பையில் பேசாமல் இருந்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இவர்கள் பயிற்சி செய்வது ஒரு பள்ளிக்கூடத்துக் குளத்தில். அதன் தலைமையாசிரியை திருமதி அகோர்லி கண்டிப்பானவர். என்னைக் கூப்பிட்டு, "வர்ற போட்டியில முதல் மூணு எடத்துல ஒண்ணாவது வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா அடுத்த பருவத்துல குளத்தை வேற அணிக்குக் குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார். குளம் போனால் எல்லாரும் கடலுக்குத் திரும்புவார்கள், கவலை இல்லை. ஆனால் அடோலே என்று பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். நாட்டின் இளையோர் அணியில் சேர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வாய்விட்டுச் சொல்லமாட்டாள், நீச்சல் தொப்பியின் உள்பக்கம் மட்டும் நம் கொடியை வரைந்து வைத்திருக்கிறாள். கடலில் நீந்தும் பெண்ணை எந்த அணியும் தேடி வராது. அவளுக்காகத்தான் எனக்குத் தூக்கம் கெட்டது.

போட்டி நேற்று, செவ்வாய்க்கிழமை, கடற்கரை ஓரமாக ஒரு பெரிய ஹோட்டலில். ட்ரோட்ரோ வண்டியில் பாதிப் பேர் உட்கார்ந்தும் பாதிப் பேர் ஜன்னலில் தொங்கியும் போய்ச் சேர்ந்தோம். தொடர் நீச்சல்தான் எங்கள் ஒரே நம்பிக்கை. அடோலே, நோர்ட்டே, இரட்டைப் பிள்ளைகள் இருவர், ஆக நான்கு பேர் கரையில் தயாராக நின்றார்கள். நோர்ட்டே குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தான். முகம் மாறிப்போயிற்று.

"மாஸ்டர், உப்பு."

"அதுக்கென்னடா?"

"உப்புன்னா கடல். இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை."

உங்கள் ஊரில் கடல் இல்லை, அதனால் சொல்கிறேன். இங்கே செவ்வாய்க்கிழமை கடலுக்கு ஓய்வு நாள். ஒரு படகு போகாது, ஒரு வலை விழாது, எல்லாரும் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைப்பார்கள். ஹோட்டல்காரர்கள் குளத்தைக் கடல்நீரால் நிரப்புகிறவர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"டேய், இது தொட்டிடா. அடியில டைல்ஸ் தெரியுது பாரு" என்றேன்.

அடோலே கையைக் கட்டிக்கொண்டாள். "குழாயில இழுத்துட்டா கடல் இல்லேன்னு ஆயிடுமா மாஸ்டர்? உங்களை வண்டியில ஏத்தி இங்க கொண்டாந்தா நீங்க குமாசிக்காரர் இல்லேன்னு ஆயிடுவீங்களா?"

கோபம் வந்திருக்க வேண்டும், அக்கா. எனக்கு யோசனைதான் வந்தது. கடல் எந்த இடத்தில் கடலாக இருப்பதை நிறுத்துகிறது? குழாயின் வாயிலா, நடுவிலா, டைல்ஸைத் தொட்ட பிறகா? நான் இப்படி நின்றுகொண்டிருக்க, நடுவர் ஒலிபெருக்கியில் எங்கள் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். அடோலேயின் தாய்மாமன் எங்கள் கரையில் படகுக்காரர்களுக்குத் தலைவர். அவருக்கு அவசரமாகப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "கடல்லேர்ந்து இன்னிக்கு ஒண்ணும் எடுக்கக்கூடாது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சும்மா குதிக்கலாமான்னு இதுவரைக்கும் ஒருத்தனும் கேட்டதில்லை. எவனுக்கு வேலையில்லை?"

இதைக் கேட்டதும் இரட்டையரில் மூத்தவன் துள்ளினான். "மாஸ்டர் பேரே க்வாபெனா! செவ்வாய்க்கிழமை பொறந்தவரு! கடலுக்குச் சொந்தக்காரர் மாதிரி. அவரு காலை வெச்சு ஒரு வார்த்தை கேட்டுட்டா சரியாப் போச்சு!"

எட்டு ஜோடிக் கண்கள் என்னைப் பார்த்தன. காற்சட்டையை மடித்துக்கொண்டு ஏணிப் பக்கம் போனேன். எங்கள் பள்ளிக் குளத்தில் அந்தப் பக்கம் முழங்கால் ஆழம்தான். இங்கே அதுதான் ஆழமான பக்கமாம். "அம்மா கடலே" என்று தொடங்கினேன், அடுத்த வார்த்தையைத் தண்ணீருக்கு அடியில்தான் சொன்னேன்.

ஒரு தடவை மேலே வந்தபோது என் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"டேய், மாஸ்டர் முங்குறாரு! தூக்குங்கடா!"

"எப்படித் தூக்குறது? ஒண்ணும் எடுக்கக்கூடாதுன்னு மாமா சொன்னாரே!"

"மீனைத்தானே சொன்னாரு?"

"மீனுன்னு சொல்லலை. ஒண்ணும்னு சொன்னாரு!"

இரண்டாம் தடவை மேலே வந்தபோதும் பேச்சு முடியவில்லை. எனக்குமே பதில் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் மூச்சு இல்லை. அப்போது அடோலேயின் குரல் கேட்டது: "எடுக்கத்தான்டா கூடாது! நம்ம கிட்டேயிருந்து போனதைத் திருப்பிக் கேக்கலாம்!" உடனே எட்டுப் பேரும் பொத்தென்று விழுந்தார்கள். தலைமுடியில் ஒருவன், சட்டையில் இருவர், காலில் நோர்ட்டே. கரையில் போட்டு வயிற்றை அமுக்கியது அடோலே.

கண் திறந்தால் எதிரே நடுவர் சிவப்புக் கொடியோடு நிற்கிறார். தொடங்கும் ஒலிக்கு முன்பே தண்ணீரில் குதித்த குற்றத்துக்காக எங்கள் அணி நீக்கம். அக்கா, தண்ணீரில் இறங்கமாட்டோம் என்று நின்றவர்களை, சீக்கிரம் இறங்கிவிட்டார்கள் என்று வெளியே அனுப்பினார்கள். திரும்பும் வழியில் வண்டியில் ஒருவரும் ஜன்னலில் தொங்கவில்லை. அடோலே உள்ளே இருக்கும் கொடி தெரியாதபடி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி வந்தாள். மன்னித்துக்கொள் என்றேன். "சும்மா இருங்க மாஸ்டர், மூக்கைச் சிந்துங்க" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்துகிற மாதிரி அழுதேன்.

ஒரு குழந்தையின் ஆசையில் கால் வைத்து மூழ்கியவன் இனி அந்தப் பிள்ளைகள் முகத்தில் விழிக்க முடியாது. ஆகவே சனிக்கிழமை நிச்சயம் வருகிறேன். அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், யாரும் ஆழம் தெரியாமல் காலை வைக்காமல் நீடூழி வாழட்டும். உங்கள் கையால் ஃபூஃபூவும் நிலக்கடலைக் குழம்பும் சாப்பிட்டுச் சாகக் காத்திருக்கும்,

தங்கள் தம்பி,
க்வாபெனா அம்பொன்சா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் திருமதி அகோர்லி வாசலில் வந்து நின்றார். நேற்று அவரும் பார்வையாளர் வரிசையில் இருந்தாராம், எனக்குத் தெரியாது. "மூணாவது எடம் வாங்குற அணி ஊர்ல நெறைய இருக்கு மிஸ்டர் அம்பொன்சா. தோத்தாலும் பரவாயில்லைன்னு ஆளைத் தூக்குற அணியை இப்பத்தான் பாக்குறேன். குளம் அவங்களுக்குத்தான். ஆனா நீந்தத் தெரியாத பெரியவங்களை இனிமே கரையில நிக்க விடமாட்டேன்" என்றார். ஆகவே நான் வரவில்லை, கிழங்கு மூட்டைகளைப் பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள். அத்தானின் பழைய அரைக்கால் சட்டை ஒன்றை, நாடா கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்து, உடனே அனுப்புங்கள். எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கப்போவது, அவர் பின்னாலேயே வந்து நிற்கும் அடோலே. "ரெண்டே மாசம் மாஸ்டர், உங்களை நீந்த வெச்சுடுவேன்" என்கிறாள். எனக்கு அறுபத்திரண்டு வயது, அக்கா. இந்த வயதுவரை என்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்தவர் யாரும் இல்லை, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.