தவளைக்கு அச்சு வார்த்தவர்

அமுதவல்லி துணிப்பையோடு தருமபுரியில், தாய்வீடு இருக்கும் கடத்தூருக்குப் பஸ் ஏறியது ஆவணி மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை. ஏற்றிவிட வந்த கணவர் மாதவராஜின் கையில் வெள்ளைச் செங்கல் போல ஒன்று இருந்தது. பஸ் நகர்ந்தபோதும் அவர் அதைத்தான் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இனத்தை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஆயத்தக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். காலையில் நடக்கப் போகலாம் என்று தோன்றினால் நீங்களும் நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். ஆயத்தக்காரரோ எந்தச் செருப்பு, எந்தப் பாதை, குதிகால் முதலில் ஊன்றுவதா விரல் முதலில் ஊன்றுவதா என்று எட்டு மாதம் வீடியோ பார்த்து, முழங்கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சோம்பேறியா? தப்பு. சோம்பேறிக்கு ஓய்வு உண்டு.

மாதவராஜுக்கு நாலு ரோட்டருகே போட்டோ ஃபிரேம் போடும் கடை. ஒருநாள் தொப்பையாறு அணையில் மீன் பிடித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதோடு விட்டிருக்கலாம். தூண்டிலில் மாட்டித் தண்ணீரில் துள்ளவிட்டால் விரால் மீன் நிஜமென்று நம்பிக் கவ்வுமே, அந்த ரப்பர் தவளையில் ஒன்றை வாங்கினார். வாங்கியவர் அணைக்குப் போனாரா? அதே போல நூறு தவளை வார்க்க அச்சு எடுக்க உட்கார்ந்தார். அமுதவல்லி வேலைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் எவர்சில்வர் டப்பாவில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, தவளையைப் பாதி உடம்பு முங்க வைத்து, இறுகியதும் மேல்பாதிக்கு இன்னொரு முறை ஊற்றினார். இரண்டு ஊற்றலுக்கும் நடுவே எண்ணெய் தடவினால்தான் பாதிகள் பிரியும். எந்த எண்ணெய் உத்தமம் என்று மூன்று நாள் ஆராய்ந்தவர், தடவ மறந்துவிட்டார்.

"தவளை எங்கீங்க?" என்றாள் அமுதவல்லி.

"உள்ளதான் இருக்குது, வல்லி."

"எடுங்க."

"எடுக்கணும்னா கல்ல ஒடைக்கணும். இவ்ளோ நல்லா இறுகியிருக்குது, எப்படி ஒடைக்கிறது?"

"என் டப்பா?"

"அத அறுத்துத்தான் இதையே வெளிய எடுத்தேன்."

அடுப்பின் மேல் பால் சட்டி. ரப்பர் எப்படி உருகும் என்று அதில் ஏற்கெனவே சோதித்தாகிவிட்டது. மூன்று நாளாகச் சோற்றிலும் டயர் வாடை. அவளுக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"கல்யாணமாகி மூணு வருஷத்துல இந்த வூட்ல ஒரு காரியம் முடிஞ்சு நான் பாத்ததில்லீங்க. ஒரே ஒரு மீனு புடிங்க. புடிச்சுட்டுக் கூப்புடுங்க, வந்துர்றேன். அதுவரைக்கும் என்னைக் கூப்புடாதீங்க."

"ஒரு வாரம்," என்றார் அவர். அதை நம்பி அவள் நாலே நாலு புடவை எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பக்கத்துக் கடை முருகேஷ் போனில் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். "வேற தவளை வாங்கித் தரேன்னேங்க அண்ணி. வாங்குனா அது என் தவளையாங்கிறாரு. போவுது, சந்தையில ஒரு விரால வாங்கிப் போட்டோ புடிச்சு அனுப்புங்கன்னேன். பொஞ்சாதிகிட்ட பொய் சொல்லச் சொல்றியான்னு சண்டைக்கு வந்துட்டாருங்க."

செங்கல்லை உடைக்க மனமில்லாமல் மாதவராஜ், அச்சுக்கு மாதிரியாகச் சோப்பில் புதுத் தவளை செதுக்கினார். புரட்டாசியில் அச்சு சரியாகக் காயாததால் சூட்டு ரப்பர் கொப்புளித்து, அம்மை போட்ட தவளை பிறந்தது. ஐப்பசியில் பிறந்ததற்குக் கால் ஒன்று குறைவு. கார்த்திகையில் இரண்டு பாதியும் நகர்ந்துபோய், தலை ஒரு பக்கமும் தாடை ஒரு பக்கமுமாக ஒன்று. ஒவ்வொரு தடவையும் அவர் முகம் பூரித்ததாம். பின்னே? தவளை சரியாக வந்துவிட்டால் அணைக்கல்லவா போக வேண்டும்!

அமுதவல்லிக்கு எப்போதோ கோபம் தீர்ந்துவிட்டது. கடத்தூரிலிருந்து வேலைக்குப் போகிற பஸ்ஸில் தினமும் போனை எடுத்து, 'மீனும் வேணாம், ஒண்ணும் வேணாம், வந்து கூட்டிட்டுப் போங்க' என்று அடிப்பாள். ரொம்ப இறங்கிப் போகிறோமோ என்று பாதியை அழிப்பாள். மீதி அதிகாரமாகத் தெரியும். அதையும் அழிப்பாள். பொங்கல் போயிற்று, சிவராத்திரியும் போயிற்று. வாக்கியம் இன்னும் சரியாக அமையவில்லை.

சிரிக்காதீர்கள். யாருக்கோ என்றோ அனுப்பியிருக்க வேண்டிய ஒரு வரி, உங்கள் போனில் எத்தனை மாதமாக மெருகேறிக்கொண்டிருக்கிறது? இந்த இனத்தில் சேர பிளாஸ்டர் மாவு கட்டாயமில்லை.

பங்குனியில் ஒரு மத்தியானம் அவளுக்குப் படம் வந்தது. கொழுத்த விரால். பிளந்த வாய்க்குள் பச்சைத் தவளை. கீழே ஒரே வார்த்தை: 'மாட்டிக்கிச்சு!'

"காவியா! என் பைய எங்கடி வெச்ச?"

தங்கை பையோடு வந்து, போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள்.

"அக்கா, இந்த மீனுக்கு வாயிலருந்து வாலு வரைக்கும் ஒரு கோடு ஓடுதே. ரெண்டு பாதிய ஒட்ட வெச்ச மாதிரி."

"குடு இங்க."

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த செய்தி வந்து விழுந்தது.

'தவளை விரால் வாய்க்குள்ள சரியா போகுதான்னு பாக்கணுமில்ல வல்லி, அதான் விராலுக்கும் ஒரு அச்சு எடுத்துட்டேன். கண்ணு மட்டும் கோணலா வந்துருச்சு, சரி பண்ணிடறேன். அதுக்குள்ள அவசரப்பட்டுக் கெளம்பிடாத.'