இரண்டாவது நாற்காலி

மேடையில் இரண்டே நாற்காலிதான் என்று இளம்பரிதி ஃபோனில் சொன்னதிலிருந்து டைட்டஸுக்குத் தட்டிலிருந்த தோசை இறங்கவில்லை.

இளம்பரிதி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தொழிற்சங்கச் செயலாளர். விஷயத்தை நன்றாகத்தான் ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கிழம கேன்டீன்ல ஃபங்ஷன் சார். நீங்க மேடைல உக்காரணும். மாலை, பொன்னாடை எல்லாம் இருக்கு. மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

மாட்டேன் என்று சொல்ல டைட்டஸுக்குப் பைத்தியமா? நாற்பது வருட சினிமா. இருநூற்றுப் பதினெட்டு படம். மைத்துனன், கான்ஸ்டபிள், வீட்டுத் தரகர், கதாநாயகனிடம் அறை வாங்குகிற மேனேஜர். எந்தப் போஸ்டரிலும் அவர் முகம் தீப்பெட்டி அளவைத் தாண்டியதில்லை. இப்போது சொந்த ஊர்ப் பக்கமே கூப்பிட்டு மாலை போடுகிறது!

"இன்னொரு சேர் யாருக்குப்பா?"

இளம்பரிதி பேச்சை இழுத்தார். "அது... இங்க வந்து பாத்துக்கலாம் சார். அப்புறம், பிரேம் சாரே காரை ஓட்டிட்டு வரட்டும். அவரு இல்லாம வந்துடாதீங்க."

ஓட்டிட்டு வரட்டுமாம். டைட்டஸுக்குச் சுர்ரென்று ஏறியது.

பிரேம்நாத் வேலூரில் அவரோடு இருபத்தெட்டு வருடமாக ஒரே வீட்டில் வாழ்கிறவர். அதே ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டும் பிரிவில் இருந்தார். விழா கிழா ஒன்றும் வேண்டாம் என்று ஒரு டீயோடு முடித்துக்கொண்டு போன மாதம்தான் ரிட்டயர் ஆகி வீடு வந்து சேர்ந்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் டிவி பேட்டியில், "ஏன் சார் கல்யாணம் பண்ணிக்கல?" என்று கேட்ட பெண்ணிடம், "எனக்கு ஆள் இருக்காரும்மா, பேர் பிரேம்நாத்" என்று டைட்டஸ் பட்டென்று சொல்லிவிட்டார். ஒன்றரை வருடம் ஒரு பட வாய்ப்பும் வரவில்லை. பிறகு, அவர் இல்லாத படத்தில் ஜனங்கள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் ஆளாளுக்கு வீடு தேடி வந்தார்கள்.

ஆனால் எந்த விழாவாக இருந்தாலும் பிரேம்நாத் காரோடு நின்றுவிடுவார். "நீ போய்ட்டு வா, நான் இங்கயே இருக்கேன்" என்பார். டைட்டஸுக்கு அது ஆறாத புண். இந்தத் தடவை விடுவதில்லை; அந்த இரண்டாவது நாற்காலியில் பிரேம்நாத்தை உட்காரவைத்தே தீருவது என்று முடிவு கட்டினார்.

சரி, அதில் யாரை உட்காரவைக்கப் பார்க்கிறார்கள்? சட்டென்று பொறி தட்டியது. அமிர்தவள்ளி! பத்தொன்பது படத்தில் அவருக்கு மனைவியாக வந்து பூரிக்கட்டையால் அடித்தவர். வேறு யார்?

உடனே அமிர்தவள்ளிக்கு ஃபோன் போட்டார்.

"வள்ளி, ஞாயித்துக்கிழம ஆம்பூர் ஃபங்ஷனுக்கு நீ வராதம்மா."

"எந்த ஃபங்ஷன்?"

டைட்டஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உனக்கு விழா எடுக்குறாங்க, எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. இதுல வராதன்னு வேற சொல்றியா? பத்தொம்பது படம் உன்னோட குப்பை கொட்டியிருக்கேன்யா! வர்றேன். பட்டுப்புடவை கட்டிக்கிட்டே வர்றேன்."

டைட்டஸ் அவசரமாக இளம்பரிதியைப் பிடித்தார். "மூணு சேர் போட்டுடுப்பா."

"மூணா? ரெண்டு பேருக்குத்தானே சார் மாலை! மூணாவது யாரு?"

"அமிர்தவள்ளி வர்றாங்க."

"சினிமா அமிர்தவள்ளியா?" என்று அலறினார் இளம்பரிதி.

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் ஆம்பூர் முழுக்கச் சேதி பரவியது. கேன்டீன் போதாதென்று விழா கல்யாண மண்டபத்துக்கு மாறியது. ஆலங்காயத்திலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். மூன்றாவது நாற்காலி மட்டும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் தங்க நிறத்தில் ஒரு பெரிய நாற்காலி, பக்கத்தில் சிவப்பு மெத்தை வைத்த சின்ன நாற்காலி. பின்னால் பேனரைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். டைட்டஸ் நேராகப் போய்ப் பெரிய நாற்காலியில் சாய்ந்தார்.

"சார், அது வந்து..." என்று ஓடிவந்த இளம்பரிதியின் குரல் விசிலில் அமுங்கியது. அரக்குப் பட்டில் அமிர்தவள்ளி மேடையேறி, சின்ன நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார். இளம்பரிதி தலையில் கைவைத்துக்கொண்டார்.

பிரேம்நாத் மண்டப வாசலில் நின்றார். ஒரு கையில் கார் சாவி, மறுகையில் டைட்டஸின் பிரஷர் மாத்திரை.

டைட்டஸ் மைக்கைப் பிடுங்கினார்.

"இந்தம்மா எனக்குப் பத்தொம்பது படத்துல பொண்டாட்டி. அடிச்ச அடி எதுவும் நடிப்பு இல்ல." மண்டபம் குலுங்கியது. "ஆனா ஷூட்டிங் பேக்கப் ஆனப்புறம் எனக்கு மாத்திரை எடுத்துக் குடுக்குறவரு அதோ வாசல்ல நிக்குறாரு. இருபத்தெட்டு வருஷமா எனக்கு வீடுன்னா அவருதான். இந்தம்மா உக்காந்திருக்கிற சேர் அவருக்கு. அவரு வந்து உக்காரலன்னா எனக்கு மாலையும் வேணாம், விழாவும் வேணாம்!"

விசிலடித்தவர்கள் எல்லாம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

அமிர்தவள்ளி எழுந்தார். "இத ஃபோன்லயே சொல்லித் தொலைச்சிருந்தா, நான் இந்த வெயில்ல பட்டு கட்டியிருப்பனா?" என்று திட்டிக்கொண்டே கீழே இறங்கிப் போய், பிரேம்நாத்தின் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

முதலில் தையல் பிரிவுப் பெண்கள் கை தட்டினார்கள். பிறகு மண்டபமே எழுந்து நின்று தட்டியது. பிரேம்நாத் கண்ணைத் துடைத்தபடி சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெயித்துவிட்டோம் என்று டைட்டஸுக்கு நெஞ்சு விம்மியது. வாழ்க்கையில் இப்படி ஒரு கைதட்டலை அவர் வாங்கியதில்லை.

தையல் பிரிவு அன்வரி பேகம் இரண்டு மாலையோடு மேடைக்கு வந்தார். டைட்டஸ் பெருமையாகக் கழுத்தை நீட்டினார். அன்வரி பேகம் மாலையைப் போடாமல் இரண்டு நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கொஞ்சம் எழுந்திருங்க சார், இது பிரேம் சாருக்கு நாங்க வெக்கிற ரிட்டயர்மென்ட் ஃபங்ஷன், பெரிய சேர் அவருக்கு, அந்தச் சின்ன சேர்தான் உங்களுக்கு, அவரு வீட்டுக்காரருக்குன்னு போட்டது."