இருநூற்றுப் பன்னிரண்டாம் பொருள்

மனித இனம் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய பிறகு அடைந்த மிகப் பெரிய முன்னேற்றம், அந்த அலுவலகத்தின் மூன்றாம் மாடியில்தான் நிகழ்ந்தது. மேலாளர் பயிற்சி முகாமுக்குப் போய்த் திரும்பிய திங்கட்கிழமை காலை, 'பொருள் மரியாதைச் சுற்றறிக்கை' வெளியானது. மரியாதையாக நடத்தப்படும் இயந்திரம் பழுதாகாது என்பது அதன் சாரம். அன்று முதல் ஊழியர்கள் நாற்காலியிடம் அனுமதி கேட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். ஸ்டேப்ளரை அழுத்துவதற்கு முன் 'கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்குங்க' என்றார்கள். லிப்டுக்கு ஒவ்வொருவராக நின்று நன்றி சொன்னதில், லிப்டுக்குக் கீழே போக நேரமே கிடைக்கவில்லை. நாகரிகம் என்றால் இதுதான்.

இந்தப் பொற்காலத்திலும் ஒரே ஒரு காட்டுமிராண்டி மிச்சம் இருந்தார். அவர்தான் மெக்கானிக். பதினோரு வருடமாக அங்கே வேலை. நகல் எடுக்கும் இயந்திரத்தில் தாள் சிக்கினால், அதன் இடது விலாவில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவார். தூங்கும் குழந்தையைத் தட்டுவதைவிடக் கொஞ்சம் பலமாக, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதைவிடக் கொஞ்சம் மெதுவாக. அந்த அளவு அவர் கைக்கு மட்டும்தான் தெரியும். சுற்றறிக்கை வந்த மூன்றாம் நாள் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டார். ஆபீஸே பார்த்துவிட்டது.

உடனே விசாரணைக் குழு அமைந்தது. மேலாளர், கண்காணிப்பாளர் அம்மா, பதிவேடுகளைக் கட்டிக் காக்கும் ஸ்டோர்கீப்பர் என்று மூன்று பேர். 'பாதிக்கப்பட்டவர்' எழுந்து வர முடியாத கனம் என்பதால், குழுவே நாற்காலிகளோடு போய் இயந்திரத்தைச் சுற்றி உட்கார்ந்தது. மெக்கானிக் நின்றார்.

"ஏம்ப்பா, இவங்களை அடிச்சியா?" என்றார் மேலாளர்.

"அடிக்கல சார், தட்டினேன். தாள் சிக்கியிருந்துச்சு. பதினோரு வருஷமா அப்படித்தான் சரி பண்றேன்."

"'பதினோரு வருஷமாத் தொடர் கொடுமை'ன்னு எழுதிக்குங்க."

கண்காணிப்பாளர் அம்மா இயந்திரத்தின் மூடியை ஆதரவாகத் தடவிக் கொடுத்தார். "எங்கே வலிக்குது? பயப்படாம சொல்லுங்க."

சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கியது.

"பாருங்க சார், கண் கலங்குறாங்க."

"மை தீரப்போகுதும்மா, அதான்," என்றார் மெக்கானிக்.

"'சாட்சியைக் கலைக்கிறான்', எழுதிக்குங்க," என்றார் மேலாளர்.

தீர்ப்பு வேலைநீக்கம். மெக்கானிக்குக்கு நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். இனி எந்த வாசலில் போய் நின்று வேலை கேட்பது? ஆனால் குழுவுக்கு அவசரம். வேலைநீக்க உத்தரவின் மூன்று பிரதிகள் ஐந்து மணிக்குள் தலைமை அலுவலகம் போய்ச் சேர்ந்தால், 'மரியாதைச் செம்மல்' கேடயம் மேலாளருக்கு உறுதி. உத்தரவைத் தயாரித்து, இயந்திரத்தைப் பணிவோடு வணங்கி, பொத்தானை அழுத்தினார்கள். பாதித் தாள் வந்தது. சிக்கிக்கொண்டது.

"தயவுசெய்து," என்றார் மேலாளர். "உங்களுக்காகத்தானே இவ்வளவும்?" கண்காணிப்பாளர் அம்மா தன் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டார். ஸ்டோர்கீப்பர் எதற்கும் இருக்கட்டும் என்று மன்னிப்புக் கேட்டார். மணி நாலரை. இயந்திரம் மசியவில்லை.

மூவரும் மெல்ல மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏம்ப்பா, வந்து ஒரு தட்டு தட்டு."

"தட்டினதுக்குத்தானே சார் வேலையே போச்சு?"

"நான் சொல்றேன், தட்டு."

மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டார். "தயவுசெஞ்சுன்னு கேளுங்க சார், தட்டறேன். இந்த மெஷினுக்குச் சொன்னதுல பாதி போதும்."

மேலாளர் வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவரைக் குறை சொல்வது பாவம், பதினோரு வருடத்தில் பழக்கமே இல்லை. சுற்றறிக்கையைப் புரட்டினார். மரியாதை 'பதிவேட்டில் உள்ள பொருள்களுக்கு மட்டும்' என்று தெளிவாக இருந்தது. மனிதர்களுக்கும் கொடுக்க ஆரம்பித்தால் அப்புறம் எங்கே போய் முடியும்?

ஸ்டோர்கீப்பர்தான் வழி கண்டார். பதிவேட்டைத் திறந்து, '211. ஓடாத மின்விசிறி' என்ற வரிக்குக் கீழே எழுதினார்: '212. மெக்கானிக், ஒன்று. நிலை: வேலை செய்கிறது.' எண் அச்சிட்ட ஸ்டிக்கரை மெக்கானிக்கின் சட்டைப் பையில் ஒட்டினார்.

மேலாளரின் நாக்குக்கு அப்படி ஒரு விடுதலை கிடைத்தது. "ஐயா, தயவுசெய்து ஒரு தட்டு தட்டித் தர முடியுங்களா?"

இடது விலாவில் ஒரு தட்டு. மூன்று பிரதிகளும் சுடச்சுட வந்து விழுந்தன. மேலாளர் பேனாவைத் திறந்தார். ஸ்டோர்கீப்பர் தொண்டையைச் செருமினார்.

"சார், பதிவேட்டுல இருக்கற பொருளை வேலைநீக்கம் பண்ண முடியாது. பழுது பார்க்கலாம். வெளியே அனுப்பணும்னா ஏழு கையெழுத்து வேணும். அந்த மின்விசிறியே பதினாலு வருஷமா காத்துக்கிட்டு இருக்கு."

மேலாளர் உத்தரவைச் சுக்குநூறாகக் கிழித்தார். போடுவதற்கு முன் குப்பைக் கூடையிடம் மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் மெக்கானிக்குக்கு நாற்காலி வந்தது. சூடாகிவிடக் கூடாது என்று மணிக்கொரு முறை பத்து நிமிட ஓய்வு. போகிற வருகிறவர்கள் எல்லாரும் வணக்கம் வைத்தார்கள். அந்த வாரக் கடைசியில் ஸ்டோர்கீப்பர் மேசைக்கு முன்னால் ஒரு நீண்ட வரிசை. தங்களையும் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி ஊழியர்கள் விண்ணப்பத்தோடு நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக்கொண்டிருந்த மனைவி சட்டையைத் தூக்கிக் காட்டினார். "என்னங்க இது, ஏதோ சாமான் மாதிரி நம்பர் ஒட்டியிருக்கு? கிழிச்சிடட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம்மா," என்றார் மெக்கானிக் பதறிப்போய். "பதினோரு வருஷம் அங்கே மனுஷனா இருந்து பார்த்துட்டேன். ஒருத்தரும் உட்காருன்னு சொல்லல."